சின்னவளின் யுகுலேலேக்குப் புதுப் பலகை

தட்டக்காவுக்கு அந்தப் பெயரை வைத்தது வாத்தியத் தொழிற்சாலையில் அவளோடு வேலை பார்த்தவர்கள். கிட்டாரும் யுகுலேலேயும் செய்கிற இடம் அது. பலகையைத் தரம் பிரிக்கும் மேஜையில் அவளுக்கு வேலை. வருகிற ஒவ்வொரு மெல்லிய பலகையையும் ஓரத்தில் இரண்டு விரலால் தூக்கிப் பிடித்து, காதுக்குப் பக்கத்தில் கொண்டுபோய், விரல் கணுவால் ஒரு தட்டுத் தட்ட வேண்டும். கணீரென்று கேட்டால் ஒரு அடுக்கு, மந்தமாகக் கேட்டால் இன்னொரு அடுக்கு, செத்த சத்தம் வந்தால் கழிவுப் பெட்டி. நாள் முழுக்கத் தட்டித் தட்டி அந்தப் பழக்கம் கையோடு ஒட்டிக்கொண்டது. பேருந்தில் உட்கார்ந்தால் முன்சீட்டைத் தட்டுவாள். யார் வீட்டுக்குப் போனாலும் கதவைத் தட்டிவிட்டுக் கொஞ்ச நேரம் அப்படியே நிற்பாள். திறக்கிறார்களா என்று பார்க்க அல்ல, கதவு எந்த மரம் என்று கேட்க. பல் வைத்தியர் ஒருமுறை அவளுடைய கடைவாய்ப் பல்லைச் சின்னக் கம்பியால் தட்டிப் பார்த்தபோது, "அது சொத்ததான் டாக்டர், எனக்கே கேட்டுது" என்று முந்திக்கொண்டாளாம். இதை அவளே சொல்லிச் சிரிப்பாள். அவள் சிரித்துப் பேசிய காலம் ஒன்று இருந்தது.

அம்மா போனபோது தட்டக்கா பள்ளிக்கூடத்தில் படித்துக்கொண்டிருந்தாள். தங்கைக்கு அப்போது பால்பல்கூட விழவில்லை. அப்பா லாரி ஓட்டுகிறவர். வீட்டில் இருக்கிற நாளைவிட ரோட்டில் இருக்கிற நாள் அதிகம். ஆகவே தங்கையை இடுப்பில் தூக்கிவைத்துக்கொண்டு சோறு வடித்தது, தலை பின்னிவிட்டது, காய்ச்சலுக்கு ஈரத்துணி போட்டது எல்லாம் அக்காதான். படிப்பு பாதியில் நின்றது. அதற்காக அவள் யாரையும் குறை சொன்னதில்லை. கடைக்குப் போனால், "உங்க பொண்ணா?" என்று கேட்பார்கள். முதலில் கோபம் வந்தது, பிறகு பழகிவிட்டது, அப்புறம் "ஆமா" என்று சொல்லத் தொடங்கிவிட்டாள். வீட்டில் தங்கைக்குப் பெயர் 'சின்னவ'. கல்யாணமாகிக் குழந்தை பெற்ற பிறகும் அதே பெயர்தான்.

சின்னவள் பாட்டுப் பைத்தியம். குரல் மெல்லிசு, கொஞ்சம் கரகரப்பு. சுருதி மட்டும் எப்போதும் பக்கத்து வீட்டில் குடியிருந்தது. அதைப் பற்றி அவளுக்குத் துளியும் கவலை இல்லை. பாத்திரம் கழுவும்போது பாடுவாள், துணி மடிக்கும்போது பாடுவாள். வேலையும் அதற்கேற்ற மாதிரியே அமைந்தது. வேலைக்குப் போகும் தாய்மார்கள் கைக்குழந்தைகளை விட்டுப்போகிற காப்பகம் ஒன்றில், மதியத்தில் குழந்தைகளைத் தூங்கவைக்கிற பொறுப்பு அவளுக்கு. அவள் பாடினால் வரிசையாகத் தூங்கிவிடுமாம். "தப்பிச்சிக்க வேற வழி தெரியாமத்தான் தூங்குதுங்க" என்பாள் தட்டக்கா.

வேலைக்குச் சேர்ந்த கொஞ்ச நாளில் சின்னவள் ஒரு யுகுலேலே கேட்டாள். நாலே தந்தி, மடியில் ஒரு குழந்தை படுத்திருந்தாலும் மார்போடு அணைத்துக்கொண்டு வாசித்துவிடலாம். தட்டக்கா அப்போது தொழிற்சாலையை விட்டு வந்து, சைக்கிள் கடைக்குப் பின்புறம் ஓர் அறையை வாடகைக்குப் பிடித்து, சொந்தமாக வாத்தியம் செய்யவும் பழுதுபார்க்கவும் தொடங்கியிருந்தாள். தங்கைக்கு என்றதும் உடனே உளியை எடுத்துவிடவில்லை. பல நாள் யோசித்தாள்.

யுகுலேலேயின் குரல் பெரும்பாலும் மேற்பலகையில் இருக்கிறது. தந்தி அதிர்கிறது, அது கட்டியிருக்கிற பிரிட்ஜ் என்ற சின்னக் கட்டை அந்த அதிர்வை மேற்பலகைக்குக் கொடுக்கிறது, பலகை காற்றை அசைக்கிறது. கடைக்காரர்கள் அதிகம் கேட்பது ஸ்புரூஸ் மரம். வெளிறிய நிறம், லேசு, விறைப்பு. தொட்டால் கணீரென்று முன்னால் வந்து நிற்கும். ஆனால் சின்னவளின் குரல் அதற்குப் பின்னால் காணாமல் போய்விடும். முழுக்க மஹாகனியில் செய்தால் சத்தம் உருண்டையாக, அடக்கமாக வரும். ஆனால் அதைக் கொஞ்சம் அழுத்தி மீட்ட வேண்டும். மெதுவாகத் தடவினால் வாயைத் திறக்காது. சின்னவளோ குழந்தைகளின் மேல் கீறிவிடுமென்று நகத்தை ஒட்ட வெட்டியவள், கட்டைவிரலின் சதையால்தான் வாசிப்பாள். அவளுக்கு ஏற்றது சிடார். மிருதுவான மரம், நகம் பட்டாலே தடம் விழும். ஆனால் விரல் படுவதற்கு முன்பே பதில் சொல்லத் தயாராக இருக்கும். பதிலும் சத்தம் போட்டு அல்ல, பக்கத்தில் உட்கார்ந்து சொல்வது போல.

தட்டக்காவிடம் ஒரு சிடார் பலகை இருந்தது. தொழிற்சாலையில் குறுக்கே ஒரு கருங்கோடு ஓடியதால் மேலாளர் கழித்துப் போடச் சொன்ன பலகை. தட்டிப் பார்த்தபோது, உள்ளே யாரோ 'ம்ம்' என்று சொல்லிவிட்டு அந்த 'ம்ம்'-ஐ முடிக்க மனமில்லாமல் இழுத்தது போலக் கேட்டதாம். கேட்டு வாங்கிக்கொண்டு வந்து பீரோ மேல் போட்டு வைத்திருந்தாள். பக்கமும் முதுகும் மஹாகனி, மேலே அந்தச் சிடார், ஒட்டுவதற்கு வழக்கம்போல வஜ்ஜிரம். காய்ச்சி உருக்கிப் பூசுகிற அந்தப் பசையைத்தான் அவள் எப்போதும் பயன்படுத்துவாள். நாளைக்குப் பழுது வந்தால் சூடுகாட்டி நோகாமல் பிரித்துவிடலாம்.

முதல்முறை வாசித்துவிட்டுச் சின்னவள் சொன்னாள்: "அக்கா, இது என்னவிட நல்லா பாடுது."

"இதுல என்ன அதிசயம்? வாசக்கதவுகூட உன்னவிட நல்லாத்தான் பாடும்."

பிறகு சின்னவளுக்குக் கல்யாணம் நடந்தது. மாப்பிள்ளை மூக்குக்கண்ணாடிக் கடையில் லென்ஸ் வெட்டிப் பொருத்துகிறவர், அதனால் எல்லாரும் அவரைக் கண்ணாடிக்காரர் என்றே கூப்பிட்டார்கள். அதிர்ந்து பேசாதவர். பெண் குழந்தை பிறந்தது. எடை குறைவாகப் பிறந்து கீச்சுக் கீச்சென்று அழுததால் குருவி என்று பெயர் ஆகிப்போனது. தட்டக்காவுக்குக் குழந்தை இல்லை. குருவி பேசத் தொடங்கியபோது, "பெரியம்மா" என்ற சொல்லில் பாதியை விழுங்கிவிட்டு "யம்மா" என்றுதான் கூப்பிட்டாள். அதைத் திருத்த தட்டக்கா அவசரப்படவில்லை.

குருவியைத் தூங்கவைக்கச் சின்னவள் தினமும் அந்த யுகுலேலேயை வாசித்தாள். வருஷக்கணக்காகக் கட்டைவிரல் உரசி உரசி, பலகையில் நடுவே சத்தம் வரும் ஓட்டைக்குக் கீழே மெருகு போய் ஒரு மங்கல் விழுந்தது. பளபளப்பு ஏற்றித் தருகிறேன் என்று தட்டக்கா சொன்னபோது, வேண்டாமென்று வாத்தியத்தை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டாள் சின்னவள். சத்தமும் மாறிக்கொண்டே வந்தது. செய்த புதிதில் கொஞ்சம் இறுக்கமாக இருந்தது, வாசிக்க வாசிக்க நெகிழ்ந்து ஆழமானது. கதவுக்கு வெளியே நின்று கேட்டால், பாடுவது யார், மீட்டுவது எது என்று பிரித்துச் சொல்ல முடியாத அளவுக்கு இரண்டும் ஒன்றோடொன்று பழகியிருந்தன.

குருவி பாலர் பள்ளிக்குப் போய்க்கொண்டிருந்தபோது, ஒரு கடும் கோடையில் சின்னவளுக்குக் காய்ச்சல் வந்தது. சாதாரணக் காய்ச்சல் என்றுதான் நினைத்தார்கள். விடாமல் அடித்தபோது ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். ரத்தத்தில் கிருமி பரவிவிட்டது என்றார் டாக்டர். படுத்த படுக்கையிலும் யுகுலேலே வேண்டுமென்று கேட்டு வரவழைத்துக்கொண்டாள். பக்கத்துப் படுக்கைக்காரிக்கு வாசித்துக்காட்டியிருக்கிறாள். நர்ஸ்கள் வந்து நின்று கேட்டுவிட்டுப் போனார்கள். தட்டக்கா அங்கேயே பழியாகக் கிடந்தாள். பிறகு மூச்சுவிடச் சிரமமாகித் தீவிர சிகிச்சைப் பிரிவுக்கு மாற்றியபோது, சாமான்களையெல்லாம் வெளியே எடுத்துப்போகச் சொல்லிவிட்டார்கள். கண்ணாடிக்காரர் யுகுலேலேயைப் பையோடு கொண்டுபோய், ஆஸ்பத்திரி மைதானத்தில் நிறுத்தியிருந்த தன் காரின் பின்சீட்டில் வைத்தார்.

அதற்குப் பிறகு யாருக்கும் எதுவும் நினைவில் இல்லை. சின்னவள் அந்தப் பிரிவிலிருந்து திரும்பி வரவில்லை.

வீட்டுக்கு எப்படிப் போனோம், யார் கூட்டிப்போனார்கள் என்பதுகூடத் தட்டக்காவுக்குச் சரியாகத் தெரியாது. கார் ஆஸ்பத்திரியிலேயே நின்றது. கூரையில்லாத மைதானம், ஜன்னல் கண்ணாடிகள் ஏற்றி மூடிய கார், தலைக்கு மேல் வெயில். சடங்குகள் ஓய்ந்து உறவினர்கள் கலைந்த பிறகுதான் கார் ஞாபகமே வந்தது. தட்டக்காவின் கணவர் பஸ் டிரைவர், அவர் போய் ஓட்டிக்கொண்டு வந்தார். கதவைத் திறந்ததும் அடுப்பைத் திறந்ததுபோல அனல் அடித்ததாகவும், கூடவே வஜ்ஜிர வாடையும் சிடார் வாசனையும் வந்ததாகவும் பின்னால் சொன்னார். பையைத் திறக்காமலே மனைவியின் கையில் கொடுத்தார்.

பசை இளகியிருந்தது. தந்திகளின் இழுப்புத் தாங்காமல் பிரிட்ஜ் பிய்ந்து, கூடவே மேற்பலகையின் ஒரு படலத்தையும் உரித்துக்கொண்டு வந்திருந்தது. பலகை குழிந்து, மரத்தின் ரேகையோடு ஒரு விரிசல் ஓடிப் பிளந்திருந்தது. தட்டக்கா அதை மேஜைமேல் வைத்துத் தட்டினாள். பிறகு மறுபடி தட்டினாள். எங்கே தட்டினாலும் அட்டைப்பெட்டியைத் தட்டியதுபோல இருந்தது. இப்படிப்பட்ட பலகைகளைக் கணக்கில்லாமல் கழிவுப் பெட்டியில் போட்டவள் அவள். இதைத் துணியில் சுற்றி உள்ளே வைத்தாள்.

குருவி அழவே இல்லை. அம்மா எங்கே என்றும் கேட்கவில்லை. அவளுக்கு எப்படிச் சொல்வது என்று பெரியவர்கள் கூடிக் குழம்பிக்கொண்டிருந்தபோது, "எனக்குத் தெரியும்" என்று ஒரே பேச்சில் முடித்துவிட்டு விளையாடப் போய்விட்டாள். படுக்கிற நேரத்தில் மட்டும் யுகுலேலேயைக் கேட்டாள். உடைந்துபோச்சு, பெரியம்மா சரிபண்ணித் தருவாங்க என்று அப்பா சொன்னார். மறுநாளிலிருந்து பள்ளிவிட்டதும் நேராகப் பெரியம்மாவின் பட்டறைக்கு வந்து, கவிழ்த்துப் போட்ட பலகைப்பெட்டியில் உட்கார்ந்துகொண்டாள். தொந்தரவு ஒன்றும் கிடையாது. பார்த்துக்கொண்டே இருப்பாள்.

சூடாக்கிய தட்டைக்கத்தியை விளிம்பில் செருகி, தட்டக்கா பழைய மேற்பலகையை முழுக்கப் பிரித்தெடுத்தாள். உடம்பு நன்றாகத்தான் இருந்தது. புதுப் பலகை போட்டால் போதும். கைவசம் இருந்தது நல்ல ஸ்புரூஸ். அதையே அளவுக்கு இழைத்து, உள்ளே மெல்லிய தாங்குகட்டைகள் ஒட்டி, பொருத்தித் தந்தி கட்டினாள். எவ்வளவோ பேருக்குச் செய்துகொடுத்த வேலை. நாலு தந்தியையும் சேர்த்துச் சின்னவள் வழக்கமாக மீட்டுகிற நாலு சுரக்கட்டுகளை அவளைப் போலவே கட்டைவிரல் சதையால் மீட்டினாள். அறை முழுக்கக் கணீரென்று கேட்டது. சைக்கிள் கடைக்காரர்கூட எட்டிப் பார்த்து நன்றாக இருக்கிறது என்றார்.

குருவி தலையாட்டி மறுத்தாள். "இது அம்மா இல்ல."

"ஏன்டா கண்ணு?"

"இது தெருவுல நின்னு கூப்பிடற மாதிரி இருக்கு. அம்மா அப்படிக் கூப்பிட மாட்டாங்க."

குழந்தை சொன்னது அட்சரம் பிசகாமல் சரி என்று தட்டக்காவுக்குத் தெரிந்தது. தங்கைக்காக ஸ்புரூஸ் வேண்டாமென்று அவள் ஒதுக்கியதே இதற்காகத்தானே. கைக்கு எட்டியதை எடுத்து ஒட்டியதற்காகத் தன்னையே திட்டிக்கொண்டாள்.

கண்ணாடிக்காரர் குழந்தையைக் கூட்டிப்போக வந்தபோது இதைக் கேட்டுக் குழம்பினார். அதே அளவு, அதே கனம், அதே தந்தி, அப்படியானால் அதே சத்தம் வர வேண்டாமா என்று கேட்டார். கண்ணுக்கு ஒரு எண் இருக்கிறது, அந்த எண்ணுக்கு லென்ஸ் வெட்டினால் எந்தக் கம்பெனி லென்ஸாக இருந்தாலும் எழுத்து தெரியத்தானே செய்கிறது என்பது அவர் கட்சி. மரத்துக்கு அப்படி எண் கிடையாது என்றாள் தட்டக்கா. ஒரே மரத்தில் அடுத்தடுத்து அறுத்த இரண்டு பலகைகூட ஒரே மாதிரி பேசாது. அவர் தலையைக் குனிந்துகொண்டு, "நான் கார்ல வெக்காம இருந்திருந்தா..." என்று ஆரம்பித்தார்.

"அத விடுங்க தம்பி. அன்னிக்கு நீங்க எத ஞாபகம் வெச்சிருக்க முடியும்?"

அடுத்து மஹாகனிப் பலகை. உடம்பும் மஹாகனி என்பதால் இரண்டும் ஒன்றுக்கொன்று ஒத்துப்போகும் என்று நினைத்தாள். சத்தம் வெதுவெதுப்பாக, உருண்டையாக வந்தது, ஆனால் சீக்கிரம் அடங்கிவிட்டது. குருவி பெட்டியிலிருந்து இறங்கி வந்து, வாத்தியத்தின் முதுகில் காதை ஒட்டிவைத்து இன்னொரு முறை வாசிக்கச் சொன்னாள். நிமிர்ந்தபோது அவள் முகத்தில் ஏமாற்றம் இருந்தது. "அம்மா போர்வைக்குள்ள இருந்து பேசற மாதிரி இருக்கு. போர்வைய எடுக்க முடியாதா யம்மா?"

தட்டக்கா பலகையைப் பிரித்து, உள்ளே இருந்த தாங்குகட்டைகளைச் சீவிச் சீவி மெலிதாக்கினாள். போர்வை கொஞ்சம் விலகியது, முழுக்க விலகவில்லை. வாடிக்கையாளர்களின் வேலைகளெல்லாம் சுவரோரம் வரிசையாகக் காத்துக்கிடந்தன. வந்து கேட்டவர்களுக்கு அடுத்த வாரம் என்றாள், அடுத்த வாரமும் அதையே சொன்னாள். வீட்டில் சாப்பாட்டுத் தட்டின் முன்னால் உட்கார்ந்து தட்டின் விளிம்பைத் தட்டிக்கொண்டிருந்தாள். டிரைவருக்கு வாத்தியம் பற்றி ஒன்றும் தெரியாது. எந்த மரமானாலும் அவர் காதுக்கு எல்லாம் டிங் டிங்தான். அவரும் பொறுத்துப் பொறுத்துப் பார்த்துவிட்டு ஒருநாள் சொன்னார்: "செத்துப்போனவள மரத்துல தேடாத."

அவள் கையைக் கழுவிக்கொண்டு எழுந்துவிட்டாள். அதன் பிறகு அவரோடு பேச்சை நிறுத்தினாள். சாப்பாடு எடுத்துவைப்பாள், துணி துவைத்துப் போடுவாள், வாய் மட்டும் திறக்காது. சொன்னது தப்பு என்பதால் அல்ல, அவர் அதைச் சத்தமாகச் சொல்லிவிட்டதால்.

மூன்றாவதாக அகேசியா போட்டாள். தேன் நிறத்தில் அலை அலையாக ரேகை ஓடும் மரம், பார்க்கவே அழகு. சத்தமும் அப்படித்தான். ஒவ்வொரு சுரமும் ஈரம் உலராத மணியைப் போல இனிமையாகத் தனித்தனியே விழுந்தது. அன்றைக்குக் கண்ணாடிக்காரரும் அங்கே இருந்தார். வாசித்து முடித்ததும், இதுவே போதும் அக்கா, இதைவிட நன்றாக வராது என்றார். தட்டக்காவுக்கும் உள்ளூர அப்படித்தான் தோன்றியது. அவள் செய்ததிலேயே நல்ல வாத்தியம் அதுவாகக்கூட இருக்கலாம்.

குருவி ரொம்ப நேரம் யோசித்துவிட்டு, "இது வேற ஆன்ட்டி. இவங்க ரொம்ப நல்லா பாடறாங்க" என்றாள்.

பெரியவர்கள் இருவரும் ஒருவரையொருவர் பார்த்தார்கள். கண்ணாடிக்காரர்தான் முதலில் சிரித்தார். தட்டக்காவுக்கும் அடக்க முடியவில்லை. சின்னவள் போன பிறகு அந்தக் குடும்பத்தில் யாரும் சிரித்தது அதுதான் முதல் தடவை. சிரித்துக்கொண்டே இருந்தவர் கண்ணாடியைக் கழற்றி முகத்தைத் துடைக்கத் தொடங்கினார், துடைத்துக்கொண்டே பட்டறைக்கு வெளியே போய்விட்டார். எதற்குச் சிரித்தார்கள் என்று தெரியாமல் குருவியும் கூடச் சிரித்துவைத்தாள்.

சிடாரை அவள் ஏன் முதலிலேயே போடவில்லை என்று யாராவது கேட்டிருந்தால், நல்ல பலகை கையில் இல்லை என்று சொல்லியிருப்பாள். அது உண்மைதான். அதைவிட உண்மை, அவளுக்கு அதைப் போடப் பயமாக இருந்தது. கடைசியில் தொழிற்சாலைக்கே போய், பழைய கூட்டாளிகளிடம் சொல்லி, அடுக்கிலிருந்த சிடாரையெல்லாம் ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்த்தாள். அவர்களும் விஷயம் தெரிந்து பேசாமல் இருந்தார்கள். ஒருத்தி மட்டும் பக்கத்தில் வந்து தோளில் கைவைத்துவிட்டுப் போனாள். பலகை ஒன்று கிடைத்தது. தட்டினால் அந்த 'ம்ம்' இருந்தது. ஆனால் சொன்னதும் முடித்துக்கொண்டது.

பழைய பலகையை எடுத்துவைத்துக்கொண்டு, எங்கே எவ்வளவு கனம் என்று விரலாலேயே தடவித் தடவிப் பார்த்துப் புதியதை இழைத்தாள். தாங்குகட்டைகளையும் அதே இடத்தில் அதே சரிவில் ஒட்டினாள். அறை முழுக்கச் சிடார் வாசனை. குருவி ஓட்டையில் மூக்கைவைத்து மோந்து பார்த்துத் தும்மினாள். வெயில் சாய்ந்திருந்தது. சைக்கிள் கடையில் யாரோ டயருக்குக் காற்றடித்துக்கொண்டிருந்தார்கள். அது நிற்கட்டும் என்று காத்திருந்து, பிறகு தட்டக்கா வாசித்தாள்.

அவள் காதுக்கு வித்தியாசம் தெரிந்தது. கீழ்ச்சுரங்கள் சரியாக வந்தன. மேலே உள்ள தந்தி மட்டும் சற்று இறுக்கமாக, புதுச் செருப்புப் போட்டு நடப்பதுபோல இருந்தது. ஆனால் தொட்ட உடனே பதில் சொல்கிற அந்த மிருது, பக்கத்தில் உட்கார்ந்து பேசுகிற அந்தக் குரல், அது வந்துவிட்டது. அவளுடைய கையே ஒரு கணம் நின்றது.

குருவி இன்னொரு தடவை என்று பெரியம்மாவுக்குச் சைகை காட்டினாள். வாசித்தாள். இன்னொரு தடவை. வாசித்தாள். குழந்தை எழுந்து வந்து, பெரியம்மாவின் கட்டைவிரலை ஒரு விரலால் தொட்டுப் பார்த்தது. பிறகு அறையின் வாசலைப் பார்த்தது.

"அம்மா மாதிரியே இருக்கு" என்றாள். கொஞ்சம் பொறுத்து, "ஆனா அம்மா வரலியே" என்றாள்.

அப்போதுதான் அவள் அழுதாள். இத்தனை நாள் எங்கே வைத்திருந்தாளோ, அவ்வளவும் ஒன்றாக வந்தது. மூச்சு வாங்க வாங்க, உடம்பு தூக்கிப்போட அழுதாள். தட்டக்கா யுகுலேலேயை மேஜைமேல் வைத்துவிட்டுக் குழந்தையைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டாள். இடுப்பில் வைக்கிற வயது தாண்டிவிட்டது, கால்கள் பெரியம்மாவின் முழங்கால்வரை தொங்கின. "வரமாட்டாடா. வரமாட்டா" என்று சொல்லிச் சொல்லி முதுகைத் தட்டினாள். பொருந்தாத பலகைகள் எதுவும் இப்படி அழவைக்கவில்லை, பொருந்தியதுதான் வைத்தது என்று அவளுக்குத் தோன்றியது. செய்தது நல்லதா கெட்டதா என்று அன்றைக்கு மட்டுமல்ல, அப்புறமும் அவளால் முடிவுகட்ட முடியவில்லை. அன்று வீட்டுக்குப் போனதும் டிரைவரிடம், "சாப்பிட்டீங்களா?" என்று கேட்டாள். அவரும் ஒன்றும் நடக்காததுபோல, இன்னும் இல்லை என்றார்.

சிடார் பலகையே நிலைத்தது. பளபளப்பு அதிகம் ஏற்றாமல் மெழுகு மட்டும் தேய்த்துக் கொடுத்தாள். குருவி அதைத் தினமும் பக்கத்தில் போட்டுக்கொண்டு தூங்கினாள். அந்த வருஷம் முடிவதற்குள் கண்ணாடிக்காரருக்கு வேறு நகரத்துக் கிளையில் வேலை அமைந்தது. அங்கே அவருடைய அக்கா வீடு பக்கம், குழந்தையைப் பார்த்துக்கொள்ள ஆள் உண்டு. போகட்டுமா என்று தட்டக்காவிடம் அனுமதி கேட்பதுபோலக் கேட்டார். குழந்தையை என்னிடம் விட்டுவிட்டுப் போங்கள் என்று சொல்ல நாக்கு நுனிவரை வந்தது. பெற்றவர் இருக்கும்போது அப்படிக் கேட்பது நியாயமில்லை என்று விழுங்கிவிட்டு, போய்ட்டு வாங்க தம்பி என்றாள். முதலில் வாரம் தவறாமல் போன் வந்தது. பிறகு மாதத்துக்கு ஒருமுறை, அப்புறம் பிறந்தநாளுக்கும் பரீட்சை முடிவுக்கும். வளர்கிற குழந்தைக்கு வேறு வேலை இருக்காதா என்று தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டாள்.

வருஷங்கள் கழித்து ஒரு விடுமுறையில் அப்பாவும் மகளும் வந்தார்கள். குருவி ஆளே மாறியிருந்தாள். பெரியம்மாவின் தோளைத் தாண்டிய உயரம், நீண்ட விரல்கள், நுனியில் நகம். வந்ததும் வராததுமாகப் பையைத் திறந்து யுகுலேலேயை எடுத்தாள். தானாகவே கற்றுக்கொண்டாளாம். சிடார் பலகையில் நகக் கீறல்கள் விழுந்திருந்தன, நிறம் கருத்து முதிர்ந்திருந்தது. வாசித்தாள். சுத்தமான வாசிப்பு. அம்மாவுக்கு வராத சுருதி மகளுக்கு அப்படியே வந்தது. பலகையும் இப்போது நெகிழ்ந்து, தனக்கென்று ஒரு குரலோடு இருந்தது. அது சின்னவளின் வாத்தியத்துக்கு இருந்த குரல் அல்ல. இது இன்னும் தெளிவு, கொஞ்சம் ஒல்லி. தட்டக்கா சுவரில் சாய்ந்து கேட்டுக்கொண்டிருந்தாள்.

முடித்துவிட்டுக் குருவி சொன்னாள்: "பெரியம்மா, அம்மா முகம் எனக்கு போட்டோ பாத்தாதான் ஞாபகம் வருது. குரல் சுத்தமா ஞாபகம் இல்ல. ஆனா இந்தச் சத்தம் மட்டும் அப்படியே இருக்கு. கண்ண மூடினா அம்மா பக்கத்துல உக்காந்து வாசிக்கறது கேக்கும். இதே சத்தம்தானே?"

கண்ணாடிக்காரர் சட்டென்று நிமிர்ந்து தட்டக்காவைப் பார்த்தார். ஸ்புரூஸையும் மஹாகனியையும் அகேசியாவையும் வேண்டாமென்று சொன்னது இதே பெண்தான் என்பது குருவிக்குத் துளியும் நினைவில்லை. பலகை மாற்றியதே அவளுக்கு ஞாபகத்தில் இல்லை. அழுததும் ஞாபகத்தில் இல்லை.

தட்டக்கா பழைய சத்தத்தை மனத்துக்குள் ஒருமுறை கேட்டுப்பார்க்க முயன்றாள். கருங்கோடு ஓடிய பலகை, நகமில்லாத கட்டைவிரல், கூடவே அந்தக் கரகரத்த குரல். முதல் சுரம் வந்தது. அடுத்தது வருவதற்குள் இப்போது கேட்ட சத்தம் குறுக்கே வந்துவிட்டது. உலகத்தில் அதைத் தெரிந்து வைத்திருந்த கடைசிக் காது அவளுடையது. அதுவும் கைவிட ஆரம்பித்துவிட்டது.

"ஆமாடா" என்றாள். "அதேதான்."

குருவிக்கு அது போதுமாக இருந்தது. பசிக்கிறது என்று உள்ளே போனாள். கண்ணாடிக்காரர் வாயைத் திறந்தார், தட்டக்கா வேண்டாமென்று தலையசைத்தாள். அவரும் வாசலுக்குப் போய்ச் செருப்பைத் தேடுவதுபோல நின்றுகொண்டார்.

அவர்கள் ஊருக்குக் கிளம்பிப்போன பிறகு டிரைவர் கேட்டார், ஏன் உண்மையைச் சொல்லவில்லை என்று. அந்தச் சத்தத்துக்காக அவள் எவ்வளவு பாடுபட்டாள் என்று பக்கத்தில் இருந்து பார்த்தவர் அவர். அவள் பேசாததால் பலநாள் தண்டனை அனுபவித்தவரும் அவர்தான்.

"சொல்லி? அம்மான்னு அவகிட்ட இருக்கறதே அது ஒண்ணுதான். அதையும் நான் பிடுங்கிக்கணுமா?"

"உன்கிட்ட என்ன இருக்கு?"

அவள் பட்டறை அடுப்பின் பக்கம் திரும்பினாள். அடுப்பில் வஜ்ஜிரம் இளகிக்கொண்டிருந்தது. பள்ளிக்கூடத்து இசை ஆசிரியை ஒருத்தியின் யுகுலேலே பின்பலகை பிரிந்து வந்திருந்தது, மறுநாள் காலையில் வாங்க வந்துவிடுவாள். தட்டக்கா கரண்டியால் பசையைக் கிளறினாள், பதம் பார்த்தாள், தூரிகையைத் தோய்த்து எடுத்தாள். கண் மங்கியதால் விளிம்பு சரியாகத் தெரியவில்லை. டிரைவர் எழுந்து வந்து விளக்கைக் கொஞ்சம் கிட்டத்தில் நகர்த்திவைத்துவிட்டு, பலகை நகராமல் இருக்க மறுமுனையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார்.